வார்ட்டில் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து நாம் செய்யக்கூடியவை



நமது தோட்டங்களிலிருந்து தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எடுத்துச் சித்தியடைந்து, வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பம் போட்டு, நேர்முகப் பரீட்சைக்கும் போய்த் தெரிவாகி வருவது லேசான காரியம் அல்ல. கடிதம் வந்த அன்று லயமே கூடிச் சந்தோஷப்படுகிறது. கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. அதன் பிறகு பிள்ளையைக் கொண்டுபோய்க் கல்லூரியில் விட்டுவிட்டு, "இனி மூணு வருஷம் படிச்சி நேர்ஸா வந்திரும்" என்று நாம் இருந்து விடுகிறோம்.

அந்த மூன்று வருடத்தில் ஒரு பெரிய பங்கு ஆஸ்பத்திரி வார்ட்டில்தான் கழிகிறது. பிள்ளைகள் தடுமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான். பாடத்தில் கெட்டிக்காரியாக இருந்த பிள்ளை வார்ட்டுக்குப் போன சில மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். அன்று வீட்டில் பெரியவர்கள் என்ன பேசினார்களோ அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை திரும்பிப் போனதும், போகாமல் நின்றுவிட்டதும். அதனால் வார்ட்டில் என்ன நடக்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் கல்லூரியிலேயே பொம்மையை வைத்துப் பழக்குகிறார்கள். படுக்கை விரிப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, காய்ச்சல் பார்ப்பது, நாடி எண்ணுவது, பிரஷர் பார்ப்பது இப்படி. அதன் பிறகு வார்ட்டில் சிஸ்டர், டியூட்டர் பார்த்துக்கொண்டிருக்க அதையே உண்மையான நோயாளிக்குச் செய்ய வேண்டும். பின்னர் காயத்துக்கு மருந்து கட்டுவது, ஊசி, சேலைன், சிறுநீர்க் குழாய் என்று வேலை கூடிக்கொண்டு போகும். மருத்துவ வார்ட், சத்திரசிகிச்சை வார்ட், பிள்ளைகள் வார்ட், பிரசவ வார்ட், தியேட்டர் என்று மாற்றி மாற்றி அனுப்புவார்கள். ஒவ்வொரு இடத்திலும் செய்த வேலைக்குப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். தவறிய நாட்களைப் பிறகு செய்து ஈடு கட்ட வேண்டும். இதெல்லாம் முடிந்து, பரீட்சையும் சித்தியடைந்து, தாதியர் பேரவையில் பெயர் பதிந்தால்தான் அவர் நேர்ஸ்.

ஆரம்ப வேலைகளில் நம்ம சனங்களுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, மலசலச் சட்டி வைத்து எடுப்பது, வாந்தியைத் துடைப்பது. பிள்ளை லீவில் வந்து இதைச் சொன்னால் பாட்டி உடனே, "இதுக்கா ஒன்ன இவ்வளவு படிக்க வச்சோம்? ஆம்பளைங்கள எல்லாம் தொட்டுக் குளிப்பாட்டுறியாமே" என்று தொடங்கி விடுவார். அந்த ஒரு பேச்சுப் போதும், பிள்ளை அதன்பிறகு வீட்டில் ஒன்றுமே சொல்லாது.

உண்மையில் அது எடுபிடி வேலை அல்ல. குளிப்பாட்டும்போதுதான் முதுகில் படுக்கைப்புண் தொடங்குவது தெரியும். மலத்தின் நிறம், சிறுநீரின் அளவு, கால் வீக்கம், மூச்சு வாங்குவது எல்லாம் கிட்டப் போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அதை எழுதி வைத்தால்தான் டொக்டருக்கு மருந்து மாற்ற முடியும். திரை போட்டு, துணியால் மூடி, நோயாளியின் மானத்தைக் காப்பாற்றிச் செய்வதற்குத்தான் பயிற்சியே கொடுக்கிறார்கள். நம்ம வீட்டுத் தாத்தா விழுந்து கிடந்தால் இதை யார் செய்வது என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பாஷை. பாடம் நடப்பது இங்கிலீசில். பெட் ஹெட் டிக்கட்டில் எழுதுவதும் இங்கிலீசில். கண்டியிலோ கொழும்பிலோ வார்ட் என்றால் நோயாளிகளில் அநேகம் பேர் சிங்களம் பேசுவார்கள். தமிழ்ப் பாடசாலையில் படித்து வந்த பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாஷையும் தலையில் ஏறுகிறது. நோயாளி ஏதோ கேட்க, பிள்ளைக்கு விளங்காமல் நிற்க, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சிரிக்க, அன்று இரவு பிள்ளை போனில் அழும். இதில் வீட்டால் செய்யக்கூடிய உதவி உண்டு. நம்மில் எத்தனையோ பேர் டவுனில், கடையில், பஸ்ஸில் சிங்களம் பேசுகிறோம். கல்லூரிக்குப் போகும் முன் கிடைக்கும் மாதங்களில் வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் பேசிப் பழக்குங்கள். இலக்கணம் தேவையில்லை. "கொஹெத ரிதென்னே" என்றால் எங்கே வலிக்கிறது. வத்துர தண்ணீர், பெஹெத் மருந்து, உண காய்ச்சல், லே இரத்தம். இப்படி ஐம்பது சொல் தெரிந்தால் முதல் மாதத்தை ஓட்டி விடலாம். மிச்சத்தை வார்ட்டில் உள்ள ஆச்சிமாரே சொல்லித் தருவார்கள். பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் சிங்களம் வந்தது.

இதை மறுபக்கமாகவும் யோசித்துப் பாருங்கள். நம்ம ஆட்கள் நெஞ்சு வலியோடு போய்ச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல், வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டு வந்த கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. நுவரெலியாவிலோ பதுளையிலோ, டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியிலோ தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருவர் வார்ட்டில் நின்றால் அந்த அவதி இல்லை. ஒரு பிள்ளை பாதியில் நின்றுவிட்டால் நட்டம் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் இல்லை.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கனமான விசயம். வார்ட்டில் ஆட்கள் சாவார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை, நேற்று வரை "மகள்" என்று கூப்பிட்ட நோயாளியின் உடம்பைச் சுத்தம் செய்து, கண்ணை மூடி, துணி சுற்றி, பெயர்ச் சீட்டுக் கட்டி அனுப்ப வேண்டி வரும். முதல் தடவை இது நடக்கும்போது சிலர் அழுவார்கள். சிலர் அழவே மாட்டார்கள், ஆனால் ஒரு கிழமைக்குச் சாப்பாடு இறங்காது. அந்த மனநிலையில் லீவுக்கு வீட்டுக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "பொணத்தத் தொட்டுட்டு வந்திருக்கா, தீட்டு" என்று வாசலிலேயே நிறுத்துகிறோம். மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறோம். சமையல் பக்கம் வராதே என்கிறோம். ஒரு தோட்டத்தில் பிள்ளையின் தட்டையும் கோப்பையையும் தனியாக வைத்திருந்தார்கள்.

வேலையால் வந்தவுடன் உடம்பு கழுவி உடுப்பு மாற்றுவது நல்ல பழக்கம். கிருமிக்காகவே அதைச் செய்ய வேண்டும். ஹொஸ்டலில் அதைச் செய்துவிட்டுத்தான் பிள்ளை பஸ் ஏறுகிறது. ஆசைக்கு வீட்டிலும் ஒரு தரம் குளிக்கச் சொல்லுங்கள், சுடுதண்ணீர் வைத்துக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். "என்னா நடந்திச்சி?" என்று ஒரு தரம் கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். நடுவில் புத்தி சொல்ல வேண்டாம், "நம்ம பெரியப்பா செத்தப்போ" என்று நம்ம கதையைத் தொடங்கவும் வேண்டாம். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், பக்கத்தில் இருந்தால் போதும். இரண்டு மூன்று கிழமை கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, போக மாட்டேன் என்கிறது என்றால் கல்லூரியில் டியூட்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவர்களும் இதைக் கடந்து வந்தவர்கள்தான், ஏச மாட்டார்கள்.

ரோஸ்டர் என்ற ஒரு தாள் இருக்கிறது. எந்த நாள் எந்த நேரம் டியூட்டி என்று எழுதி ஒட்டுவார்கள். காலை டியூட்டி என்றால் ஏழு மணிக்கு வார்ட்டில் நிற்க வேண்டும். பின்னேர டியூட்டி இருக்கும், இரவு டியூட்டி இருக்கும். ஞாயிறு, போயா, தீபாவளி எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஒன்றுதான், நோயாளி லீவு எடுக்க மாட்டார். நம்ம பக்கத்தில் திருவிழா, காமன் கூத்து, சொந்தத்தில் சடங்கு, கல்யாணம், கருமாதி என்று மாதத்துக்கு ஒன்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் "நீ வரலன்னா சொந்தக்காரங்க என்னா நெனப்பாங்க" என்று போன் போட்டால் பிள்ளை என்ன செய்யும்? வார்ட்டைத் தவற விட்டால் நாள் குறையும், வராவிட்டால் அம்மா பேச மாட்டார்.

நான் வீடுகளில் சொல்வது இதுதான். ரோஸ்டர் வந்தவுடன் பிள்ளையிடம் கேட்டு அதை ஒரு கொப்பித் தாளில் எழுதிச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். போன் எடுப்பதும் அதைப் பார்த்துத்தான். டியூட்டி நேரத்தில் போன் எடுக்க முடியாது. "காலையிலிருந்து அடிக்கிறேன், எடுக்கவே இல்ல" என்று பதறி, அக்காவை அனுப்பி, கல்லூரி வரை போன குடும்பமும் உண்டு. பிள்ளை வார்ட்டில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான அவசரம் என்றால் கல்லூரி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள். அதனால் கல்லூரியின் இலக்கத்தை வீட்டில் எழுதி வைத்திருங்கள்.

இரவு டியூட்டி முடித்து வரும் பிள்ளைக்குப் பகல்தான் இரவு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறேழு பேர் இருக்கும்போது அது எப்படித் தூங்கும் என்று நீங்கள் கேட்பது நியாயம். டபல் லயம் என்றால் பின்பக்கத்து வீட்டு ரேடியோவும் சேர்ந்து கேட்கும். முழுதாகத் தீர்க்க முடியாது, குறைக்கலாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள். டிவியை மத்தியானம் வரை மூடி வையுங்கள். சின்னப் பிள்ளைகளை வெளியில் விளையாட விடுங்கள். பக்கத்து வீட்டில் போய்ப் பணிவாக ஒரு வார்த்தை சொன்னால் அநேகம் பேர் கேட்பார்கள். ஒரு டிவிசனில் பக்கத்து வீட்டு அம்மா கொழுந்துக்குப் போகும்போது தன் வீட்டுச் சாவியையே கொடுத்து, "எங்க வீட்டுல போய்ப் படு புள்ள, யாருமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கமில்லாமல் போகிற பிள்ளை மருந்தை மாறிக் கொடுத்தால் விபரீதம். அதனால் "வந்ததும் தண்ணி எடுத்திட்டு வா, வெறகு பொறக்கிட்டு வா" என்பதை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு காலை டியூட்டிக்குப் போய், தியேட்டரில் இரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு. பயம் பாதி, பசி பாதி. நம்ம பெண் பிள்ளைகளுக்கு இரத்தம் குறைவாக இருப்பதும் அதிகம். ரொட்டி, கடலை, முட்டை, எதுவானாலும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். கீரையும் நெத்தலியும் நல்லது. இன்னொன்றையும் சொல்கிறேன், தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத்தண்ணி குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். சாப்பிட்ட பின் ஒரு தோடம்பழமோ கொய்யாவோ தின்றால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

கால் வலியைப் பற்றி மலையில் நிற்கும் அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. செருப்பு வாங்கும்போது மலிவு பார்க்காமல் காலுக்குச் சரியானதாக வாங்குங்கள். செக்கன் கம்பி உள்ள மணிக்கூடும் கட்டாயம் வேண்டும், நாடியை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அந்த மணிக்கூட்டை உடுப்பில் குத்திக்கொள்வார்கள், கையில் கட்ட விட மாட்டார்கள். மோதிரம், வளையல், கையில் கட்டிய மந்திரிச்ச கயிறு எதுவும் வார்ட்டில் கூடாது. கயிற்றில் தங்கும் கிருமி ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். "சாமி கயித்த அறுக்கச் சொல்லிட்டாங்க" என்று பூசாரி வரை பிரச்சினை போன வீடும் உண்டு. முழங்கைக்கு மேலே கட்டலாமா என்று டியூட்டரிடம் கேட்டுவிட்டு அப்படிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இடுப்பில் கட்டுங்கள்.

ஊசி குத்திக்கொள்வது அடிக்கடி நடக்கிற விபத்து. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிப் பிள்ளையின் விரலில் ஏறிவிடும். உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் சில மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, மூன்று நாள் கடந்தால் பயனில்லை. ஏச்சு விழும் என்று மறைக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்: "மறைக்காத, சொல்லு, நாங்க ஏச மாட்டோம்." மஞ்சட்காமாலை பி தடுப்பூசி மூன்று தரம் போட வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மூன்றும் போட்டாயிற்றா என்று கேட்டு வையுங்கள். வார்ட் உடுப்பை வீட்டில் துவைக்க வேண்டி வந்தால் மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

இப்போது லயத்தார் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம பிள்ளை கிட்டத்து ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு நின்றால் நம்ம தோட்டத்து ஆட்களே அங்கே நோயாளியாக வந்து படுப்பார்கள். உடனே பீலிக்கரையில் கேள்வி: "அந்த மூணாம் லயத்துப் பொண்ணு எதுக்கு வந்திச்சி? என்னா வருத்தமாம்?" பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் பெரிய குற்றம். சொல்லவில்லை என்பதற்காகப் "படிச்ச திமிரு" என்று பெயர் வைக்காதீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டு இரகசியமும் அந்த வார்ட்டுக்கு வரலாம். அதேபோல் வார்ட்டிலிருந்து பஞ்சு, பெண்டேஜ், பெனடோல் கொண்டுவரச் சொல்லாதீர்கள். லயத்தில் வைத்து ஊசி போடச் சொல்லாதீர்கள், மருந்து எழுதிக் கேட்காதீர்கள். பயிற்சி முடியாத பிள்ளை அதைச் செய்து ஏதும் ஆகிவிட்டால் அதோடு எல்லாம் போய்விடும். வருத்தம் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

மனநோய் வார்ட்டிலும் பயிற்சி உண்டு. சில பிள்ளைகளை அதற்கு அங்கொடைக்கு அனுப்புவார்கள். அங்கொடை என்ற பேரைக் கேட்டாலே நம்ம ஆட்கள் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பயப்படுவார்கள். கல்யாணம் பேசும் இடத்தில் இதை மறைக்கச் சொன்ன பெற்றோரும் இருக்கிறார்கள். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம், நாட்டின் பெரிய மனநல ஆஸ்பத்திரி. அங்கு நின்று பழகிய பிள்ளைக்குத்தான், நம்ம லயத்தில் மருந்தைக் குடித்துவிட்டுக் கிடப்பவரையும், பிள்ளை பெற்றபின் பித்துப் பிடித்தது போல் ஆகும் தாயையும் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அரசாங்கக் கல்லூரியில் மாதக் கொடுப்பனவு உண்டு. ஆனால் அது கைக்கு வரும் முன்பே உடுப்பு, செருப்பு, மணிக்கூடு, புத்தகம், பஸ் காசு என்று செலவு வந்துவிடும். நகையை அடகு வைத்து வட்டி கட்டுவதற்குப் பதிலாக, கடிதம் வந்த மாதமே ஒரு சின்னச் சீட்டில் சேருங்கள். ஒப்பந்தம், பிணை என்று கையெழுத்துக் கேட்டால் தமிழில் வாசித்துச் சொல்லக் கேட்டுவிட்டுப் போடுங்கள். தனியார் இடத்தில் "ஆறு மாதத்தில் நேர்ஸ்" என்று நோட்டீஸ் பார்த்தால் ஏமாற வேண்டாம். அது பராமரிப்பாளர் வேலைக்கான படிப்பாக இருக்கலாம், அதுவும் ஒரு தொழில்தான், ஆனால் பதிவு பெற்ற நேர்ஸ் ஆகாது. காசு கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த ஆஸ்பத்திரியில் வார்ட் பயிற்சி? முடித்தால் தாதியர் பேரவை பதியுமா? பதில் இழுத்தால் வெளியே வாருங்கள்.

பயிற்சியில் பிள்ளை உள்ள குடும்பங்கள், கடிதம் வாசிக்கவோ படிவம் நிரப்பவோ உதவி தேவை என்றால் தாள்களை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்து நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். பெரட்டு நேரத்தில் கொண்டுவந்தால் நின்ற நிலையில்தான் பார்க்க வேண்டி வரும். வேலை விட்டபின் வந்தால் உட்கார்ந்து ஆறுதலாகப் பார்க்கலாம். அடையாள அட்டையின் பிரதியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.